சாகத் தெரிந்த இறால்கள்

கொளத்தூர்ப் பக்கம் இறால் வாங்க வருகிறவர்கள் கடைப் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. "சாகாத இறால் எங்க கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் தன்ஷிகா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

தன்ஷிகாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் இப்படி ஒரு பெயரா என்று சிரிக்க வேண்டாம். அவள் பிறந்த காலத்தில் வாயில் நுழையாத பெயராகத் தேடித் தேடி வைத்தார்கள். அந்தப் பெயர்களெல்லாம் இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கின்றன.

இறால் என்றதும் தொக்கு ஞாபகம் வந்து உங்களுக்கு நாக்கில் நீர் ஊறினால் அதற்கு நான் பொறுப்பில்லை. இது நன்னீர்க் குட்டி இறால். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், செக்கச் சிவப்பு. ஒரு காலத்தில் அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார்கள். பிறகு கடல்நீர், கல்குவாரி நீர், சுத்திகரித்த சாக்கடை நீர் எல்லாம் ஒரே குழாயில் வரத் தொடங்கின. வீட்டுக்கு வீடு போய்ச் சோதிக்க ஆள் இல்லை. கருவிகள் வைத்தார்கள். சில பழுதாயின, மீதியைப் பழுதாக்கினார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு இறால் ஞாபகம் வந்தது. தண்ணீரில் விஷ உலோகம் துளி கலந்தாலும் முதலில் சாவது இந்த ஜீவன்தான். கருவியை ஏமாற்றலாம், இறாலை ஏமாற்ற முடியுமா?

அப்படி வந்தது சட்டம். ஒவ்வொரு வீட்டிலும் குடிநீர்க் குழாயோடு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பத்து இறால், மேலே எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு கேமரா. ஒரே நாளில் மூன்று இறால் செத்தால் அந்தக் குடியிருப்புக்கே குழாய் தானாக மூடிக்கொள்ளும். நீர் வாரியம் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். பத்தும் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், வேறு சோதனை கிடையாது. மக்கள் அதற்குச் சாட்சித் தொட்டி என்று பெயர் வைத்தார்கள்.

சட்டம் போட்டவர்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் குழாய் நின்றால் யாருக்குக் கோபம் வராது? "உங்க வீட்டு இறாலாலதான் நின்னுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாள். வாரியத்துக்கும் தலைவலி. ஆகவே வாரியம், வீட்டுக்காரர், கடைக்காரர் என்று எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சாகாத இறால்.

அது தன்ஷிகாவிடம் இருந்தது. அவளுக்குக் கைராசி என்று ஊர் பேசியது. அவளும் அதை மறுக்கவில்லை. உண்மையில் அது ராசியில்லை, தொழில். விற்பனைத் தொட்டிகள் நூற்றிருபது போக, வீட்டின் பின்னறையில் ஒரு பெரிய தொட்டி வைத்திருந்தாள். அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஒரு ஆலையின் பின்புறக் கிணற்றிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் கலப்பாள். முதல் தலைமுறைக் குஞ்சுகளுக்கு ஒரு டம்ளர் கலந்தாள். பலவீனமானவை செத்தன. பிழைத்தவை முட்டையிட்டன. அவற்றின் குஞ்சுகளுக்கு இரண்டு டம்ளர். இப்படிப் பன்னிரண்டு வருஷம். பாஸானவை விற்பனைக்கு, ஃபெயிலானவை மீனுக்குத் தீனி. இதற்கு அவள் சொன்ன வார்த்தை 'உரமேற்றுவது'. வெயிலில் நின்றால் பிள்ளை உரம் ஏறுவதில்லையா, அதுபோல என்று நினைத்தாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

கணவன் கவினுக்குப் பாதம் மரத்துப்போனது சென்ற தை மாதத்தில். செருப்பு கழன்றதே தெரியாமல் கடைத்தெரு வரை நடந்து வந்திருக்கிறான். அப்புறம் கைத்தடி வந்தது. ரத்தம், முடி, நகம் எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிவுக்காக டாக்டர் நஸ்ரின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஆர்சனிக் சார்," என்றார் டாக்டர். "பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"போஸ்ட் ஆபீஸ்ல. அங்க ஏது மேடம் விஷம்? கோந்துதான்."

"அப்ப தண்ணியாத்தான் இருக்கணும்."

தன்ஷிகாவுக்குச் சுருக்கென்றது. "சான்ஸே இல்ல மேடம். எங்க வீட்டுத் தொட்டில பத்து இறாலும் ஜம்முனு இருக்கு. நானே வளர்க்கறது. கொளத்தூர் தன்ஷிகான்னு கேட்டுப் பாருங்க. என் இறாலை எந்தத் தண்ணில போட்டாலும் சாகவே சாகாது."

ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். வாடிக்கையாளர்கள் தலையாட்டிவிட்டுப் பையை நீட்டுவார்கள். டாக்டர் தலையாட்டவில்லை.

"எந்தத் தண்ணில போட்டாலுமா?" என்று மட்டும் கேட்டார்.

தன்ஷிகா வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. எந்தத் தண்ணீரில் போட்டாலும் சாகாத ஒன்றைச் சாட்சி என்று சொல்லி ஊர் முழுக்க விற்றிருக்கிறோமே என்ற நினைப்பு அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக அவளுக்கு வந்தது.

"எது வழியாப் போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க," என்றார் டாக்டர். "நிறுத்தினா மருந்து கேக்கும், கால் ஓரளவுக்குத் திரும்பும். நிறுத்தலைன்னா அடுத்தது கை, அதுக்கப்புறம் கிட்னி. எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாதும்மா. மூணு மாசம் டைம் இருக்கு."

வெளியே வந்ததும் கவின் கேட்டான். "தண்ணிய லேப்ல குடுத்துப் பாப்பமா?"

"எந்த லேப்? சட்டம் வந்ததும் தண்ணி லேப் எல்லாத்தையும் மூடிட்டாங்களே. இறால்தான் லேப்." கொஞ்ச தூரம் நடந்தபின் அவளே சொன்னாள். "சாகற இறாலா ஒரு பத்து வேணும், கவின்."

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சென்னையில் அன்றைக்குக் கிடைக்காத பொருள் அதுதான். எல்லா வளர்ப்பாளர்களும் அவளிடம்தான் தாய் இறால் வாங்கியிருந்தார்கள். பழைய வம்சம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வாய்ப்பு உண்டு. புழலில், பெர்சிஸ் வீட்டில். அந்த வாசலை மிதிப்பதைவிட ஆலைக் கிணற்றில் குதிக்கலாம் என்று இருந்தது தன்ஷிகாவுக்கு.

காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடியிருப்பில் நாற்பது வீடுகளில் பெர்சிஸ் கொடுத்த இறால்கள் ஒரே நாளில் செத்தன. நான்கு நாள் குழாய் நின்றது. ஜனம் கொதித்தது. கோளாறு தண்ணீரிலா, இறாலிலா என்று பார்க்க வாரியம் தன்ஷிகாவைக் கூப்பிட்டது. அவள் அதே தண்ணீரில் தன் இறால்களை விட்டுக் காட்டினாள். ஒரு வாரம் கழித்தும் அவை முட்டை சுமந்துகொண்டு உலாவின. 'பெர்சிஸ் வளர்ப்பவை நல்ல நீரிலும் சாகும் குறையுள்ள வம்சம்' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தாள். பெர்சிஸின் உரிமம் போயிற்று. ராசியில்லாத கை என்று பேரும் வந்தது.

மறுநாள் காலையில் பஸ் பிடித்துப் போனாள். கதவைத் திறந்த பெர்சிஸ் ஆளை அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன தன்ஷி, இன்னும் ஏதாவது எழுதிக் குடுக்கணுமா?"

"உங்ககிட்ட இறால் கேட்டு வந்தேன்க்கா. கவினுக்கு ஒடம்பு சரியில்ல." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கேட்டதையும், தனக்குப் பதில் வராததையும்கூட மறைக்கவில்லை.

பெர்சிஸ் உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. ஹாலில் பதினான்கு தொட்டிகள் இருந்தன. மொட்டைமாடி மழைநீர். தெள்ளத்தெளிவாக இருந்தது. விற்க முடியாத இறால்களை எட்டு வருஷமாக இந்தப் பெண்மணி சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

"அந்த நாப்பது வீட்டுல அப்புறம் என்ன ஆச்சுன்னு நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள் பெர்சிஸ்.

"இல்லக்கா."

"நான் போனேன். கோயிலுக்குப் போற மாதிரி மாசாமாசம் போனேன். பதினோரு பேருக்கு டயாலிசிஸ். அதுல ஒரு பொண்ணு என்கிட்ட, 'ஆன்ட்டி, உங்க இறால்தான் செத்துச்சாமே'ன்னு கேட்டுச்சு. என்னைத் திட்டுதுன்னு நெனச்சேன். இல்ல. 'அதுதான் சரியாச் சொல்லிச்சு'ன்னுச்சு."

தன்ஷிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. பதினோரு பேருக்கு முன்னால் அது ரொம்பச் சின்ன வார்த்தையாகப் பட்டதால் விழுங்கிக்கொண்டாள்.

பெர்சிஸ் வலையை எடுத்தாள். பத்து இறால்களை ஒவ்வொன்றாகப் பையில் விட்டாள். "கவினுக்காகத் தரேன். சொட்டுச் சொட்டா ரெண்டு மணி நேரம் பழக்கிட்டுத் தொட்டில விடு. மொத்தமாக் கொட்டினா அதிர்ச்சில செத்துச்சும்பாங்க."

"எனக்குத் தெரியாதாக்கா?"

"உனக்கு எதுவுமே தெரியல தன்ஷி. சொல்றதைச் செய்."

சொன்னதைச் செய்தாள். தன் இறால்களைச் சாட்சித் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டு, பெர்சிஸின் பத்தையும் உள்ளே இறக்கினாள். பிறகு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். சாகும், குழாய் நிற்கும், வாரியத்தின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று மனசுக்குள் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் சாகவில்லை. முதல் நாள் பத்து. இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் வெந்த கீரையைப் போட்டதும் பத்தும் ஓடி வந்து மொய்த்தன.

போனில் பெர்சிஸ் சொன்னாள். "அப்ப உன் வீட்டுக் குழாய்த் தண்ணி சுத்தம். என் இறால் பொய் சொல்லாது. வேற எங்கேர்ந்தோ போகுது. தேடு."

தேடினாள். மசாலா டப்பா, தலைவலி லேகியம், சுவர்ப் பெயின்ட், கவின் குடிக்கும் கஷாயம் எதையும் விடவில்லை. நான்காம் நாள் காலை பின்னறைக்குப் போனபோது கவின் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான். தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வேலை. கைத்தடியைச் சுவரில் சாய்த்திருந்தான். டியூபின் ஒரு நுனி பள்ளிக்கூடத் தொட்டிக்குள். மறு நுனியை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினான். தண்ணீர் வாய்வரை வந்தது. துப்பிவிட்டு டியூபை வாளியில் போட்டான். மீன் வளர்க்கிற எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். அவள் பார்க்காத நாளில்லை.

"துப்பு!" என்று கத்தினாள் தன்ஷிகா. "கவின், துப்பு! வாயைக் கழுவு!"

"துப்பிட்டேனே. என்ன ஆச்சு இப்ப?"

அவள் அவனைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போனாள். அவன் கொப்பளிக்கக் கொப்பளிக்க அவளுக்குக் கணக்கு ஓடியது. ஒரு டம்ளரில் தொடங்கியது இன்றைக்குப் பாதித் தொட்டி. தினம் ஒரு வாய். எவ்வளவு துப்பினாலும் தொண்டைக்குள் ஒரு சொட்டு போகாமலா இருந்திருக்கும்? பன்னிரண்டு வருஷம். பள்ளிக்கூடத்தில் இறால் மட்டும் படிக்கவில்லை.

"நான்தான் கவின்," என்றாள். "வாரியம் இல்ல. நான்தான் உனக்கு ஊத்தியிருக்கேன்."

கவின் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தான். "அப்ப என் கால்ல இருக்கறதும் உன் கைராசிதானா?" என்றான்.

அவன் சிரிக்கத்தான் சொன்னான். அவள் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் கவின் பக்குவமாகப் பேசினான். "வழி தெரிஞ்சுபோச்சு இல்ல? மருந்து கேக்கும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இந்தத் தொட்டியைக் கவுத்திடு. வீட்டுத் தண்ணியும் நல்லாருக்கு. இதை இதோட விட்டுடு தன்ஷி. வெளிய தெரிஞ்சா உன்னை உள்ள வெச்சிருவாங்க."

"வீட்டுத் தண்ணி நல்லாருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"பெர்சிஸ் இறால்."

"மத்த வீட்டுக்கு யார் சொல்லுவா? நாலு லட்சம் வீட்டுல என் இறால் உக்காந்து கீரை தின்னுட்டிருக்கு கவின். விஷத்தை ஊத்தினாலும் அது கீரைதான் தின்னும்."

முப்பது வருஷத்தில் கவினுக்கு அவள் முகத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. "பஸ்ல போகாத, ஆட்டோ வெச்சுக்க," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த பத்து நாளில் தன்ஷிகா நூற்றிருபது தொட்டிகளையும் காலி செய்தாள். மணலைக் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மழைநீர் நிரப்பினாள். தாய் இறால் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தன் இறால்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வாரியத்தின் விசாரணை அறையில் மூன்று பேர். தலைவர் வேதகிரி, பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர், ஓரமாக ஒரு கிளார்க். கிளார்க் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புகார் குடுக்கறவங்க தன்ஷிகா. யார் மேல புகார்ங்கற இடத்துலயும் தன்ஷிகான்னு இருக்கே. தப்பா எழுதிட்டீங்களாம்மா?"

"சரியாத்தான் சார் எழுதியிருக்கேன்."

"உங்க இறால் சாகலைன்னு நீங்களே புகாரா?" என்றார் வேதகிரி. "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

தன்ஷிகா மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தாள். இரண்டிலும் ஒரே கேனிலிருந்து ஆலைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் தன் பத்தை விட்டாள். மற்றதை நோக்கிக் கை போகவில்லை. கூட வந்திருந்த பெர்சிஸைப் பார்த்தாள்.

"நானே விடறேன்," என்றாள் பெர்சிஸ். "நான் வளத்தது." பையைத் திறந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பத்தையும் குவளையில் விட்டாள். அது ஜெபமாக இருக்கலாம்.

முதலில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பெர்சிஸின் இறால்கள் வெறிபிடித்தாற்போல் சுற்றத் தொடங்கின. சுவரில் முட்டின. ஒன்று தண்ணீரை விட்டே வெளியே துள்ளியது. அரைமணியில் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. சிவப்பு மங்கி வெளுத்தது. அடுத்த குவளையில் தன்ஷிகாவின் இறால்கள் நிதானமாகக் கண்ணாடியை மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வயிற்று முட்டைகளுக்குக் காலால் விசிறிக்கொண்டிருந்தது.

பெர்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"இந்த வயிறு நிறைஞ்ச இறால்தான் சார் உங்க வீட்டுலயும் இருக்கு," என்றாள் தன்ஷிகா. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்க இறால் செத்தப்ப, தண்ணி நல்ல தண்ணின்னு நான் எழுதிக் குடுத்தேன். அது பொய். தெரியாமச் சொன்னதுதான், ஆனா பொய். என் உரிமத்தை எடுத்துக்குங்க. கேஸ் போட்டாலும் சரி. அந்தக் காகிதத்தை மட்டும் கிழிச்சுப் போடுங்க."

வேதகிரி தொண்டையைச் செருமினார். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்றார். துணைக்குழு அமைக்க வேண்டும், ஆறு மாதம் ஆகும், அதுவரை இது வெளியே போகக்கூடாது, ஜனங்கள் பீதியடைவார்கள் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் மட்டும் வெளுத்த இறால்கள் கிடந்த குவளையை விட்டு நகரவில்லை. கூட்டம் முடிந்ததாகச் சொல்லி எழுந்தார்.

தன்ஷிகா குவளைகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது கிளார்க் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், எம்பொண்ணு மாசமா இருக்கா. இவங்க இறால்ல ஒரு பத்து கிடைக்குமா? யாருக்கும் தெரியாம."

அவர் நகர்ந்ததும் பெண் உறுப்பினர் வந்தார். அவர் வீட்டில் இரண்டு தொட்டியாம், இருபது வேண்டுமாம். கடைசியாக வேதகிரியே கதவுவரை போனவர் திரும்பி வந்தார். பெர்சிஸிடம் நேராகக் கேட்க முகம் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, நம்ம வீட்டுக்கு ஒரு பத்து... மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

பெர்சிஸ் தன்ஷிகாவைப் பார்த்தாள். தன்ஷிகா பையைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்கு வீடு கிடையாது சார்."

"என்னம்மா?"

"ஊருக்குன்னு எழுதிக் குடுங்க. என்கிட்ட நூத்தி இருபது தொட்டி கழுவி, மழைத்தண்ணி ரொப்பி நிக்குது. அக்கா பேர்ல உரிமம் குடுத்தீங்கன்னா அவங்க சொல்றபடி நான் வளர்க்கறேன். எல்லா வீட்டுக்கும் போகும். உங்க வீட்டுக்கும் அதுலயே வரும். தனியா ஒண்ணுகூடத் தர மாட்டோம்."

"சாகற இறாலை ஊர் முழுக்க வெச்சா என்ன ஆகும் தெரியுமா? குழாய் நிக்கும். தினம் ஒரு தெருவுல நிக்கும். ஜனங்க உங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவாங்க."

"தூத்தட்டும் சார்," என்றாள் தன்ஷிகா. "நிக்கட்டும்."

வேதகிரி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கிளார்க்கும் உறுப்பினரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார். கிளார்க்கிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார்.